பெட்ரோலில் ஊற்றிய தண்ணீர்

என் கணவரின் மொபெட்டைக் கெடுத்தவள் நான்தான். அதன் பெட்ரோல் டேங்கில் தண்ணீர் ஊற்றினேன். ஒரு முறை அல்ல... பழுது பார்த்து வந்த ஒவ்வொரு முறையும்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் முழுதும் கேட்டபிறகு திட்டுங்கள்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு. அவர் மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடியபின் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் காவலாளியாக நின்றார். அந்த வேலையும் முடிந்து வீட்டோடு வந்தவர், டி.வி.க்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால்... உட்கார்ந்தேவிட்டார்! தெருமுனை டீக்கடைக்குக்கூட மொபெட்தான். சர்க்கரை ஏறியது. கால் வீங்கியது. நடந்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். மகன் நடைப்பயிற்சிக்கென்று ஷூ வாங்கி வந்தான். அது பெட்டியோடு பரணில் ஏறியது.

கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். அவருடைய பதில் ஒன்றுதான்.

"ஆயுசு பூரா தறி முன்னாடி நின்னுட்டேன் வசந்தா. என் காலு சம்பாரிச்ச ஓய்வு இது. அதப் புடுங்காத."

அதில் நியாயம் இல்லையா? இருந்தது! எங்கள் தெருவில் மில்லில் உழைத்த ஆண்கள் எல்லாருமே அப்படித்தான் நினைத்தார்கள். நின்று தேய்ந்தவர்களுக்கு உட்காருவதே ஒரு மரியாதை. அப்படி மரியாதையாக உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முற்றி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீரை டேங்கில் கவிழ்த்தேன்.

மொபெட் தேவராசுவிடம் போயிற்று. இவரோடு அதே மில்லில் இருந்தவன், இவருக்கு இளையவன், மில் மூடியதும் மெக்கானிக் ஆனவன். டேங்கைக் கழுவி ஓடவைத்துக் கொடுத்தான். நான் மறுபடியும் ஊற்றினேன். பங்க்கில் கலப்படம் என்றான் அவன். பங்க்கை மாற்றினார் இவர். என் டம்ளர் மாறவில்லை!

இந்த ஓட்டை வண்டியை என்னிடம் தள்ளிவிடுங்கள் என்று தேவராசு எப்போதோ விளையாட்டாகச் சொல்லியிருந்தான். அது இப்போது இவர் நினைவுக்கு வந்துவிட்டது. வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்காக அவனே ஏதோ செய்கிறான் என்று முடிவுகட்டி, ஒருநாள் நடுத்தெருவில் அவனைத் திருடன் என்றார். தேவராசு வண்டியை ஓரமாக நிறுத்தினான். சாவியை மதில்மேல் வைத்துவிட்டுப் போனான். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன் நான்... வாயைத் திறக்கவில்லை.

இனி எந்த மெக்கானிக்கையும் நம்பமாட்டேன் என்று வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்.

நடந்தார்! முதலில் தேவராசுவைத் திட்டிக்கொண்டே டீக்கடை வரைக்கும். பிறகு மார்க்கெட்டுக்கு. பிறகு விடியற்காலையில், வண்டிகளை உள்ளே விடாத நேரத்தில், கடற்கரைச் சாலைக்கு. ஒருநாள் மாலை, பிரெஞ்சுக்காரர் காலத்துக் குண்டு விளையாட்டான பெத்தாங்கை வயசானவர்கள் விளையாடும் திடலுக்கே போய்விட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பத்து ஆட்டம், நமக்கெதற்கு என்று ஆயுள் முழுக்க ஒதுங்கி நின்றவர், இரும்புக் குண்டைக் கையில் வாங்கி உருட்டினார். குண்டை எடுக்கக் குனிந்தார், நிமிர்ந்தார், தோற்றால் சிறுபிள்ளைபோல் வாதாடினார். சர்க்கரை இறங்கியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதன்முறையாக என்னையும் கடற்கரைக்குக் கூப்பிட்டார். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! திருடித்தான் வாங்கினேன் அந்த சந்தோஷத்தை. திருப்பிக் கொடுக்கமாட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு மாலை, திடலிலிருந்து திரும்பும்போது வாய்க்காலை மூடியிருந்த கல் புரண்டது. விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆமாம்... நான் நடக்கவைத்ததால்தான் விழுந்தார். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவேண்டாம், நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன். கல்லைச் சரியாகப் பதிக்காதவன் நானா? வயசானவன் நடக்க ஓர் ஒழுங்கான பாதை இல்லாதது என் குற்றமா? அந்த நாற்காலியிலேயே விட்டிருந்தால் அவர் முழுசாக இருந்திருப்பாரா? மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் ஊற்றுவேன்!

ஆனால் தேவராசு... அவனைத் திருடனாக்கியது என் டம்ளர்தான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தினமும் நடக்காவிட்டால் படுக்கையோடு போய்விடுவார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கோ எழவே பயம். மகன் தூக்கினால் மாட்டேன் என்கிறார். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணையும் கிட்டே விடுவதில்லை. என் தோளைப் பிடித்தால் மட்டுமே எழுந்து நிற்கிறார்.

போன வாரம் தேவராசு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே, என் தொழில்மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல," என்றான் அவன்.

"வண்டி ஓடியிருந்தா நான் ஏன் நடந்து போயி உழுறேன்?" என்றார் இவர், சுவரைப் பார்த்தபடியே.

தேவராசு என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சாத்துக்குடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

உண்மை தெரிந்தால் இவர் என் தோளில் கை வைப்பாரா? வைக்கமாட்டார். பிறகு எழவும் மாட்டார். அதனால்தான் சொல்லவில்லை என்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவில்லையா என்று கேளுங்கள்... அதுவும்தான்!

அவன் வீட்டைவிட்டு வெளியேறியதும் இவரை எழுப்பினேன். என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உன்ன நம்பித்தான் எழுந்திருக்கேன். உட்டுடாத."

மெல்ல மெல்ல வாசல்வரை வந்துவிட்டோம். தேவராசு இன்னும் போகாமல் தெருவில்தான் நின்றிருந்தான். இவர் நடந்து வருவதைக் கண்டதும் அவன் முகமெல்லாம் சிரிப்பு. அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டான்.

"என்னிய உள்ள இட்டுக்கினு போ," என்றார் இவர், அவனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவரை மெல்லத் திருப்பி உள்ளே அழைத்துப் போனேன்.