அம்மாவுக்கு மூன்று சுற்று

என் தொடையெலும்பு முதலில் ஒடிந்தது டிராக்டரிலிருந்து விழுந்து. இரண்டாவது தடவை ஒடித்தவர் டாக்டர். அவரைத்தான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அவலூர்பேட்டைக்கு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போனோம். மூட்டைமேல் ஏறி உட்காராதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். நான் என்றைக்குக் கேட்டேன்? ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது, தூக்கிப் போட்டுவிட்டது. செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பிடித்தார்கள். அம்மாதான் குறுக்கே நின்றாள். கத்தி வைத்தால் அந்தக் கால் அவ்வளவுதான் என்று யாரோ அவள் காதில் ஓதியிருந்தார்கள். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் தூக்கிப் போனோம். பச்சிலையும் முட்டையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாக. கால் குட்டையாகிவிட்டது. ஊன்றினால் உயிர் போகும்.

சிங்கவரத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் ஒரு வருஷம் கிடந்தேன். எனக்குச் சும்மாவே மூக்குக்கு மேல் கோபம் வரும். படுத்துக் கிடந்தால் கேட்க வேண்டுமா? வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன், முக்கால்வாசி அம்மாவிடம். எல்லாம் உன்னால்தான் என்று ஒரு நாள் சொல்லியும் விட்டேன். சண்டாளன். அவள் சோற்றைத் தட்டில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அவளே அங்கே இங்கே விசாரித்து, செஞ்சியில் அந்த டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனாள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் கட்டுப் போடச் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றாள் அம்மா. பெற்ற பிள்ளையின் காலை இப்படியா கெடுப்பீர்கள் என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அறையில் இருந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் இதைத்தான் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பெரியவன் கொள்ளி வெச்சிட்டான். எனக்கு இவன்தான் வெக்கணும். அதுக்குள்ள இவன நடக்க வெச்சிடு சாமி."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அப்பனுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வந்து நெருப்பு வைக்க வேண்டும். நடக்க மாட்டாத பிள்ளை எப்படி வருவான் என்பதுதான் ஒரு வருஷமாக அவள் நெஞ்சை அரித்திருக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டர் கோணல் எலும்பை மறுபடி ஒடித்து, உள்ளே கம்பி வைத்து நேராக்கினார். முதலில் வாக்கர், பிறகு கைத்தடி. ஆறு மாசத்துக்குத் தடியை விடக் கூடாது, தோளில் பாரம் ஏற்றக் கூடாது என்றார். ஒவ்வொரு தடவை காட்டப் போகும்போதும் அம்மா கூடவே பஸ்ஸில் வந்தாள். அந்த முதல் நாள் ஏச்சுக்குப் பிறகு உள்ளே மட்டும் வரவேயில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். டாக்டர் இன்னா சொன்னாரு என்று கேட்பாள். நல்லா சேருதாம் என்பேன். முகம் கொஞ்சம் தெளியும்.

நாலாம் மாசம் ஒரு நாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தடியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். இவன் காலுக்கு ஒத்துவராது, பெரியவனே வைக்கட்டும் என்றார்கள். அண்ணனும் என் நல்லதுக்குத்தான் சொன்னான், கம்பி கழன்றுகொண்டால் யார் பார்ப்பது என்று. எனக்கு வந்ததே கோபம். என் அம்மாவுக்கு நான்தான் வைப்பேன், எவனாவது குறுக்கே வந்தால் தெரியும் என்று கத்தினேன். கடைசியில் என் போக்கிலேயே விட்டுவிட்டார்கள்.

சுடுகாட்டில் தடியை அண்ணனிடம் கொடுத்தேன். முதல் சுற்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் தொடை நடுங்க ஆரம்பித்தது. குடத்திலிருந்து ஒழுகிய தண்ணீர் முதுகெல்லாம் நனைத்தது. மூன்றாவது சுற்றில் வாய்விட்டு அழுதுகொண்டே வந்தேன். வலியாலா அவளாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விழாமல் முடித்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போனேன். சொல் கேட்காமல் குடம் சுமந்தது வேறு உறுத்திக்கொண்டிருந்தது. நான் உள்ளே நடந்து போவதைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு. என் மொட்டைத் தலையைப் பார்த்தார்.

"மலையனூர்ல மொட்டையா? அம்மா வேண்டுதலா?"

மேல்மலையனூர் அம்மனுக்கு முடி கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவர்களை அவர் எத்தனையோ பேர் பார்த்திருப்பார். நான் சொல்வதற்குள் அவர் புது எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே பேசினார். கம்பி அசையவில்லை, எலும்பு கெட்டியாகிவிட்டது என்றார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார்.

"வெளியதான் உக்காந்திருக்காங்களா? உள்ள கூப்பிடு. அன்னிக்கு அவங்கள ரொம்பப் பேசிட்டேன்."

"அம்மா இல்ல சார்" என்றேன். "நான்தான் கொள்ளி வெச்சேன். குடம் எடுத்துக்கினு மூணு சுத்தும் நடந்தே வந்தேன்."

சொல் கேட்காததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எக்ஸ்ரேயை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். 

"விழலியே?" என்று கேட்டார்.

"விழல சார்."

பஸ்ஸில் வரும்போது அவருக்குச் சொல்லவென்று என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன்.