காந்தம் விழுந்த இடம்

காந்தம் பொய் சொல்லாது என்றார் பெரியப்பா. அதைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பினாங்குக்குப் பாலம் வராத காலம். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு எங்களுக்கு. அப்பா, அம்மா, நான், பிறகு அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை பாயான் பாரு பக்கத்து எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஏழு வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தவர். கண்ணில் ஓயாமல் நீர் வடியத் தொடங்கியதும், வேறு வேலை பார்த்துக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தை பார்த்துவைத்த வேறு வேலைதான் குடும்பத்தைக் கலக்கிவிட்டது. பாலிக் புலாவ் மலைத்தோட்டங்களில் டுரியானும் ஜாதிக்காயும் ஏற்றிவந்து ஜெலுத்தோங் பசாருக்குக் கொடுக்கப் போகிறாராம். கார் ஓட்டும் லைசன்ஸ் கையில் இருந்தது. மலைத்தடம் ஏற ஒரு ஜீப்தான் பாக்கி. அதையும் பார்த்து வைத்திருந்தார். பச்சை நிறப் பழைய ஜீப். கதவைச் சாத்தக் கைப்பிடி கிடையாது, கயிறு. விற்கிறவர் பாலிக் புலாவில் தோட்டம் வைத்திருந்த மலாய்ப் பெரியவர், ஊரே அவரைப் பாக்சிக், மாமா, என்றுதான் கூப்பிடும். வண்டிக்கு முதுகெலும்பான சேசிஸ் ஒருமுறை பள்ளத்தில் விழுந்து விரிசல் விட்டதையும், வெல்டிங் வைத்து ஒட்டியதையும் அவரே மறைக்காமல் சொல்லிவிட்டார்.

பட்டர்வொர்த்தில் இருந்த பெரியப்பா காதுக்கு இது எட்டியது. மூத்தவர் தலையாட்டாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு நாற்காலிகூட வாங்கியதில்லை. ஃபெர்ரி ஏறி வந்தார். ஒட்டுப் போட்ட துணிதான் ரொம்ப நாள் உழைக்கும் என்று அத்தை சொல்லிப் பார்த்தார். பெரியப்பாவிடம் அதற்கு மேல் ஒன்று இருந்தது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்குவதைக் கடைவாய்வரை பார்க்கவேண்டும் என்றார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

“காந்தத்தை வெச்சு அடியில முழுக்கப் பாரு. நல்ல இரும்புன்னா பிடிக்கும். துருப்பிடிச்ச ஓட்டையில பசையை அப்பி பெயிண்ட் அடிச்சிருந்தா பிடிக்காது. ஒரு இடம் பிடிக்கலைன்னாலும் வேணாம்னுட்டு வந்துரு.”

அப்பா தலையாட்டினார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை அவருக்கு. அண்ணன் சொல்லுக்கு அவர் மறுசொல் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அந்த வாரம் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அத்தை கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டுக்கொண்டு ஃபேக்டரி பஸ்ஸுக்குப் போனார், வந்தார். அம்மா மட்டும் அப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகில் எங்கிருந்தோ ஒட்டிவந்த தாரைச் சுரண்டிக்கொண்டு, சோப்புக்குத் தப்பும் கறை பொண்டாட்டிக்குத் தப்புமா என்று முணுமுணுத்தார். அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அத்தை, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம் அப்பாவின் பாக்கெட்டில் இருந்தது. ஜீப்புக்கு முன்னால் போய் நின்றதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முதுகு வலிக்கிறது, குனிய முடியவில்லை என்றார். காந்தத்தை என் கையில் கொடுத்தார்.

பழைய சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தேன். துருப்பிடிக்காமலிருக்க அடியில் அங்கங்கே தார் பூசியிருந்தது. டிக், டிக் என்று காந்தம் ஓடி ஓடி ஒட்டியது. வெல்டிங் வைத்த இடமெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்து அப்படியே உறைந்துபோன மாதிரி தடித்திருந்தது. அங்கேயும் ஒட்டியது. பின்சக்கரத்துப் பக்கம் ஒரு சாண் அளவுக்கு மழமழவென்று இருந்தது. அங்கே வைத்தேன். காந்தம் என் நெஞ்சில் விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது.

சக்கரங்களுக்கு நடுவே அத்தையின் கால்கள் தெரிந்தன. ஒரு காலின் பெருவிரல் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பரீட்சை ரிசல்ட் அன்று நானும் அப்படித்தான் நிற்பேன்.

“ஒட்டுதாம்மா?” அப்பாவின் குரல்.

“ஒட்டுதுப்பா.”

“எல்லா இடத்துலயும்?”

“எல்லா இடத்துலயும்லா.”

வெளியே வந்தபோது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்சிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே பெரியப்பாவுக்கு ஃபோன் போட்டார். பிள்ளை கையில் கொடுத்துப் பார்த்தோம் அண்ணே, எல்லா இடத்திலும் ஒட்டுகிறது என்றது, அவ்வளவுதான் பேச்சு. எங்கள் கோவிலில் பூப்போட்டுப் பார்க்கும்போதும் பொட்டலத்தை எடுக்கக் குழந்தையைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை எடுத்ததைப் பெரியவர்கள் மறுத்துப் பேசுவதில்லை. பெரியப்பாவும் பேசவில்லை.

அத்தைக்கு வண்டி வந்தது. எனக்குத் தூக்கம் போனது. மலை வளைவில் ஜீப் இரண்டாக முறிந்து, முன்பாதியில் அத்தையும் பின்பாதியில் டுரியானுமாகத் தனித்தனியாகப் போவதுபோல் கனவு வரும். அத்தை ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பி வரும்வரை ஜன்னல் கம்பியை விடமாட்டேன்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வளைவில் குலுங்கியதில் பின்னால் ஏதோ படீரென்றது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை வண்டியை ஓரம் கட்டினார். சரிந்தது ஒரு டுரியான் கூடைதான். என்னை இறக்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிய வைத்தார். மழமழப்பைக் காணோம். அங்கே கனமான புது இரும்புத் தகடு இருந்தது, சுற்றிலும் புதுக் கம்பளிப்பூச்சி.

“இதுக்கா இவ்ளோ நாளா அழுதே? வாங்குன மறுநாளே உங்கப்பா லீவு போட்டு, ஃபெர்ரியில ஏத்தி அக்கரையில மாக் மண்டின் பட்டறைக்குக் கொண்டு போயிட்டாரு. பட்டறைக்காரர் எங்கே ஓட்டைன்னு தேடவே இல்ல. இவரு நின்ன இடத்துல இருந்தே விரலை நீட்டி, இங்கேன்னாரு.”

காந்தம் விழுந்த சத்தம் அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவ்வளவு கூர்மையான காது அவருக்கு என்று பள்ளியில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அம்மா அந்தச் சட்டையைக் கடைசியில் தரை துடைக்கக் கிழித்துவிட்டார். தார் போகவே இல்லை. அப்பா எழுபது வயதுவரை அரிசி மூட்டையைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறினார். முதுகு வலிக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.