மீன்காரி வேஷம்

எங்கள் பெண்கள் கல்லூரியின் தோழியர் சங்கத்துக்கு இருபத்தைந்து வயது நிறைந்தபோது நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. அந்தச் சங்கத்தில் மூத்தவர்கள் எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். ஆண்டுவிழாவைப் பழவேற்காட்டில், ஏரிக்கரையில் பந்தல் போட்டு நடத்தலாம் என்று செயலாளர் அக்கா முடிவு செய்தாள்.

அது என் ஊர். மீன்பிடிக் குடும்பம். அம்மா பொன்னேரிச் சந்தையில் மீன் விற்றாள். விடுதியில் சாப்பிட உட்கார்ந்தால் என் இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருக்கும். அதனால்தான் செயலாளர் அக்கா ஒரு நாள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "உங்கம்மா சந்தையில எப்படிப் பேசுவாங்க? சொல்லேன்" என்றதும் உருகிப்போனேன். சண்டைகள், கிண்டல்கள், இடுப்பில் கூடையை வைக்கும் விதம், எல்லாம் சொன்னேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

விழாவுக்கு ஊர்ப் பெண்களையும் அழைத்திருந்தார்கள். மாணவிகளுக்கு நாற்காலி, ஊராருக்கு மணல். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, "எம் பொண்ணு படிக்கிற காலேஜு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாடகத்தில் செயலாளர் அக்கா முகத்தில் கரி பூசி, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, மீன்காரியாகக் கூடையோடு மேடைக்கு வந்தாள். "இன்னாம்மே, மீன மோந்து பாக்க வந்தியா, வாங்க வந்தியா?" அம்மாவின் வார்த்தை, அம்மாவின் கையாட்டல். பிறகு உடம்பெல்லாம் சொறிந்தாள். மீன் வாங்க வருகிறவளாக நடித்தவளிடம் அழுகிய மீனை ஏமாற்றி விற்றாள். நாற்காலிகளில் சிரிப்பு அடங்கவில்லை. மணலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

நாடகம் முடிந்ததும் அம்மா நேரே என்னிடம் வந்தாள்.

"நீதான் சொல்லிக் குட்த்தியா?"

"ஆமாம்மா."

"ஊட்ல உன்னாண்ட பேசனத்த அவளாண்ட போய் ஒப்பிச்சிக்கினு கீறியே."

நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். செயலாளர் அக்கா கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அங்க உக்காந்திருக்கறது எங்கம்மா."

"அதுக்கென்ன? தமாஷுதானே. முகத்தைத் தூக்கி வெச்சுக்காம லட்டுத் தட்டை எடுத்துட்டுப் போ. உங்க ஆளுங்க, நீ கொடுத்தா வாங்கிப்பாங்க."

தட்டை எடுக்கவில்லை. மேடை ஏறினேன். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து மறைத்து வைத்திருந்த என் பேச்சிலேயே சொன்னேன்: "இப்ப நீங்க சிரிச்சது எங்கம்மாவப் பாத்து. சொல்லிக் குட்த்தவ நானு. இந்தச் சங்கத்துல எனக்கு அக்காளும் இல்ல, தங்கச்சியும் இல்ல."

யாரோ அவசரமாக ஆர்மோனியத்தை அழுத்தினார்கள். ஊர்ப் பெண்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். அம்மா எனக்காக நிற்கவில்லை.

மறுவாரமே என்னைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். படிப்பு முடியும்வரை விடுதியில் யாரும் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. செயலாளர் அக்கா கல்லூரியை விட்டுப் போகிற நாளில் கையை நீட்டினாள். அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். இன்று நீட்டினாலும் சாத்துவேன்.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் கோபத்தைக் காட்டவில்லை. விடுமுறைக்குப் போனால் சோறு போடுவாள், தலைக்கு எண்ணெய் வைப்பாள். "சந்தையில இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டால் மட்டும், முன்பெல்லாம் கேட்காமலே சந்தைக் கதை சொன்னவள், "ஒண்ணும் ஆவல. நீ போய் பட்ச்சிக்கோ" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.