மேட்டில் ஏற்றிப் பார்க்காத வேன்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறதே என்று அப்பா அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்.

ஈப்போவில் பழைய வண்டிகள் விற்கும் சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்; நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

"அண்ணே, வெறும் ரோட்டுல ஓட்டினா தெரியாது. மேட்டுல ஒரு தடவ ஏத்திப் பாருலா."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தவுக்கே. பத்தரைக்கு ராகு காலம் வந்துரும்."

"நான் சொல்லிட்டேன் ஆ. பின்னால என்னய ஏசக்கூடாது."

அப்பா சிரித்தார். சட்டைப்பையில் எலுமிச்சம்பழங்கள் தயாராக இருந்தன. சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். அவை நசுங்குகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு எனக்கு. எல்லாம் நன்றாகவே நசுங்கின.

வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை அதன் முதலாளி துண்டு போட்டு விற்றபின் ஊருக்கு வந்த அப்பா கல்யாணங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். வாடகை லாரிக்காரன் நினைத்த நேரத்துக்குத்தான் வருவான். சொந்த வேன் இருந்தால் சுற்றியுள்ள தோட்டங்களின் சமையலெல்லாம் நமக்குத்தான் என்பது அப்பாவின் கணக்கு. வேன் வந்த நாளிலிருந்து அம்மாவின் கைகளில் கண்ணாடி வளையல்கள்தான் இருந்தன. அவை சத்தம் போடுவதால் எனக்கு அவற்றையே அதிகம் பிடித்தது.

"அந்தாளு சொன்ன மாதிரி ஏத்திப் பாத்திருக்கலாம்" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். நல்ல நேரத்தில் எடுத்த வண்டி நிற்காது என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாய்க்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கல்யாணம். வேனின் முதல் வேலை. சோறு, சாம்பார், பாயசம் எல்லாவற்றையும் அண்டாக்களில் ஏற்றி வாய்க்குத் துணி கட்டினோம். தோட்டத்துக்கு முன்னால் ஒரு செம்மண் மேடு. பாதி ஏறியதும், "சீட்டு சுடுது" என்றாள் அம்மா. இன்ஜின் அந்த சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. தூக்கிப் பார்த்தால் ஒரே ஆவி. வேன் நின்றது.

சமையலில் கூட இருந்த மாமா உதவி கேட்டுத் தோட்டத்துக்கு ஓடினார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை அப்பா ரேடியேட்டரில் ஊற்றினார். ஊற்றியது கொதித்து வெளியே வந்தது. நான் ஓடையிலிருந்து வாளியில் கொண்டுவந்ததும் அப்படியே வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் நாயனம் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவு பக்கம். அப்பாவும் அம்மாவும் சோற்று அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கொஞ்ச தூரம்கூடப் போக முடியவில்லை. கீழே வைத்தபோது ஒரு வளையல் உடைந்தது.

கெட்டிமேளம் கேட்டது. அம்மா பழக்கத்தில் கைகூப்பினாள். அப்பா சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். சாம்பாரின் மேல் கட்டிய துணி மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.

இப்போது கமுந்திங்கில் இருக்கும் என் மகன் ரொட்டி வியாபாரத்துக்குப் பழைய வேன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். மேட்டில் ஏற்றிப் பார்த்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எரிச்சலாகிறான். தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடியும் அழைக்கிறேன்.

அன்று கடைசியில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. பின்னால் மாமா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். ஓட்டி வந்தவர் கல்யாணப் பெண்ணின் அண்ணன். நெற்றிச் சந்தனம்கூட உதிரவில்லை. அவர் கத்தவில்லை. அண்டாக்களைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"மாப்பிள்ள வீட்டாளுங்கள பந்தியில உக்கார வச்சிட்டோம் அண்ணே. இலையில உப்பு மட்டுந்தான் இருக்கு."

எனக்கு எவ்வளவு நிம்மதி. அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"அப்ப நாம லேட்டாகலம்மா. இன்னும் யாரும் சாப்பிடல."