அக்கா வண்டியின் கடைசி எண்

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அக்கா ஒரு காரை வாங்கினாள். ஏலகிரியில் ஒரு பங்களா ஷெட்டில் கிடந்த, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. செங்கம் ரோட்டில் நான் வாடகைக்கு விடும் அறைகளுக்குப் பின்னால் அதை நிறுத்தினோம். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் ஆயில் பார்த்து, கார்புரேட்டர் துடைத்து அதைக் கிளப்பும்போதெல்லாம் தெருவே வேடிக்கை பார்க்கும்.

போன மாசியில் அறைக்கு வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் பழைய கார்கள் சேர்ப்பவர். பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"எஞ்சின் அம்பாசிடரோடதும்மா. மத்ததெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சோ. சேசிஸ்ல அடிச்ச நம்பரும் ஆர்.சி. புக் நம்பரும் ஒண்ணா இருந்தாதான் இது அசல். இல்லன்னா நாலு வண்டிய ஒட்டவெச்சதுதான்."

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. பதிவைப் புதுப்பிக்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் அந்த நம்பரைத்தான் கேட்பார்கள். நம்பர் பொறித்த தகடு எப்போதோ கழன்று தொலைந்திருந்தது. டிரைவர் சீட்டுக்குக் கீழே இரும்புச் சட்டத்தில் தேடிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பெங்களூர்க்காரர் ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை சீட்டைக் கழற்றினோம். அக்கா காருக்குள் குப்புறப் படுத்து, பெயிண்ட் தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். சிவப்புக்குக் கீழே வெள்ளை வந்தது, வெள்ளைக்குக் கீழே பச்சை.

"எத்தனை புடவை கட்டியிருக்கா பாரு" என்றாள்.

"அழுத்தித் தேய், அக்கா."

"சும்மா இருடி. குழந்தை கையில நரம்பு தேடற மாதிரிதான் தேடணும்."

கொஞ்ச நேரத்தில் எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அவள் சொல்லச் சொல்ல நான் ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. கடைசி எண்ணுக்கு மட்டும் "மூணு" என்றாள். புத்தகத்தில் எட்டு.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். அந்த எண்ணின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டை நகத்தால் நெம்பினாள். அது பொருக்காக உதிர்ந்தது.

"எட்டுடி" என்றாள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற சிரிப்பில் அவளால் வெளியே வர முடியவில்லை. காலைப் பிடித்து இழுத்த நானும் விழுந்தேன். மாடி அறையில் தங்கியிருந்த ஜெர்மன்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் காரைக் காட்டி "எய்ட், எய்ட்" என்றோம். ஒன்றும் புரியாமலே அவள் கைதட்டினாள்.

வேங்கிக்கால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் நம்பர் மேல் காகிதத்தை வைத்து அவரே பென்சிலால் தேய்த்து எடுத்தார். எஞ்சின் மாற்றியது புத்தகத்தில் ஏற்கெனவே ஏறியிருந்தது. எல்லாம் முடிந்த பிறகும் கார்க் கதவிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

"மேடம், ஒரு ரவுண்டு போலாமா?"

இரண்டு சீட்தானே. நான் கேட் பக்கத்தில் நின்றேன். ஒரு ரவுண்டு என்று போனவர்கள் வருகிற வழியாக இல்லை. டீ குடித்தேன், இன்னொரு டீயும் குடித்தேன். வந்து இறங்கியபோது அவர் முடி நட்டுக்கொண்டு நின்றது, அக்காவின் கொண்டை அவிழ்ந்து கிடந்தது.

"மலையைச் சுத்தி அடி அண்ணாமலை வரைக்கும் போயிட்டோம்" என்று அலுவலகத் தகவல் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அவர் உள்ளே நடந்தார்.

அதுவரை அந்த ஸ்டியரிங்கைத் தொட அக்கா என்னை விட்டதில்லை.

"அக்கா, தள்ளி உக்காரு. நான் ஓட்டறேன்."

"இந்த கியர் உனக்குப் போட வராதுடி."

"நீ சொல்லு, போடறேன்."

அதிசயமாக, தள்ளி உட்கார்ந்தாள். கலெக்டர் ஆபீஸ் எதிரில் வண்டி நின்றுபோனது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. திரும்பவும் கிளப்பி கிளட்சை விட்டேன். வண்டி துள்ளிப் பாய்ந்தது. அக்கா இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அப்படித்தான், விடு, விடு" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.