பந்தியில் சாப்பிடாத நோயாளிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்து. தெருவின் நடுவே பெரிய அண்டா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் அதைத் தொடவில்லை.

ராஜபாளையத்தில் ஓடையை நோக்கிச் சரியும் தெரு அது. மேல்முனையில் அம்மன் கோயில், கீழ்முனையில் ஓடைக்கரை வீடுகள். அப்போது நான் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். முந்தின நாளிலிருந்து அந்த ஒரே தெருவிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பதாக அரசு மருத்துவமனை டாக்டர் போனில் சொல்லியிருந்தார். சிலருக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

"இதுதான் சார் எவிடன்ஸ்," என்று அண்டாவைக் காட்டினார் ராமசுப்பு. கோயில் விழாக் கமிட்டித் தலைவர், மேல்முனை வீட்டுக்காரர். "ஞாயித்துக்கிழமை கோயில் பொங்கலுக்குப் பந்தி போட்டோம். இதுலதான் தக்காளிச் சோறு. தின்ன தெருவே படுத்துக் கெடக்கு."

அண்டாவைப் புரட்டிப் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தது. உள்ளே ஒரு பருக்கை இல்லை.

"கழுவி ரெண்டு நாளாச்சே, இதுல என்னத்தப் பாக்க?" என்றேன்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "அண்டாவ அரெஸ்ட் பண்ணியாச்சுல்ல, இனி பேதி தானா நின்னுரும்."

அண்டாவின் சொந்தக்காரர் சமையல் மாஸ்டர் பவுன்ராஜ், அதே தெருக்காரர். வாசல்படியில் செல்போனைப் பிடித்தபடி நின்றார். வருகிற வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்கு ஒரு பெரிய கல்யாணச் சமையல் இருந்தது. அண்டாவை இழுத்துப் போட்டவர்களில் ஒருவன் அதை வீடியோ எடுத்து, 'விஷச் சாப்பாடு' என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டிருந்தான். கல்யாணப் பெண்ணின் அப்பா விடிந்ததிலிருந்து போன் செய்துகொண்டிருந்தார்.

"ஆள மாத்தப் போறேங்காரு சார்," என்றார் பவுன்ராஜ். "இந்தக் கல்யாணம் போச்சுன்னா பொறவு எவன் கூப்புடுவான்? செத்த நேரம் அவருகிட்ட பேசுங்களேன்."

"எனக்கே இன்னும் ஒண்ணும் தெரியாதே மாஸ்டர். தெரிஞ்ச பொறவு பேசுதேன்."

*யாருக்கு வரவில்லை?*

இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் நோயாளியிடம் போய் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். அதோடு நிறுத்தினால், தெருவே ஒரு பந்தியில் உட்கார்ந்த வாரத்தில் எல்லா நோயும் பந்தியால் வந்ததாகவே தெரியும். சாப்பிட்டும் நோய் வராதவர், சாப்பிடாமலே நோய் வந்தவர், இந்த இரண்டு பேரையும் தேட வேண்டும்.

கீழ்முனையில் தொடங்கினேன். முதல் வீடு செல்லத்தாய் வீடு. அவருடைய கணவர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், மருத்துவமனையில் இருந்தார். செல்லத்தாய்க்கும் திங்கள் காலையிலிருந்து வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. உப்புக் கரைசல் பாக்கெட்டைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, பந்தியில் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டேன்.

"பந்தியா? எங்க மாமியா செத்து இன்னும் வருசம் திரும்பல சார். கோயில் பக்கமே தலை வைக்கல. வீட்டுல வெறும் ரசஞ்சோறுதான்."

"பக்கத்து வீட்டுலேர்ந்து யாராவது குடுத்து விட்டாங்களா?"

"துக்க வீட்டுக்குப் பொங்கச்சோறு எவளாவது குடுப்பாளா? நல்லாருக்கு சார் நீங்க கேக்குறது."

அடுத்தது பந்திக்கு வந்த வெளியூர்க்காரர்கள். சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் முதல் பந்தியில் சாப்பிட்டு, தூக்குவாளியிலும் வாங்கிப் போயிருந்தது. போன் போட்டேன்.

"ராத்திரியும் அதத்தான் சார் தின்னோம். ஒண்ணும் செய்யலையே. ஏன், மிச்சம் இருக்கா?"

சமையலுக்கு எந்தத் தண்ணீர் என்று பவுன்ராஜிடம் விசாரித்தேன். லாரித் தண்ணீர். குடிக்க வைத்ததும் அதுதான். தெருக் குழாய்த் தண்ணீர் பந்திக்கு வரவே இல்லை. மத்தியானத்துக்குள் ஒன்று தெளிவானது. மேல்முனையில் நோய் குறைவு, கீழே இறங்க இறங்க அதிகம். பந்திச் சோறு காரணமென்றால் நோய் தெருவின் சரிவைப் பார்த்து வராது.

*குழி*

அந்தத் தெருவில் குழாயில் வேகம் கிடையாது. தரைமட்டத்தில் தண்ணீர் ஏறாது. அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கியிருந்தார்கள். குழி ஓரத்திலேயே பாத்திரம் தேய்ப்பது, துணி அலசுவது. அந்தத் தண்ணீர் குழிக்குள்தான் இறங்கும்.

நான் பார்த்த குழிகளில் பெரும்பாலானவற்றில் குழாய் திறந்தே இருந்தது. ரப்பர் ஓஸின் முனை குழித் தண்ணீருக்குள் கிடந்தது.

"ஏன் மூடல?" என்று செல்லத்தாயிடம் கேட்டேன்.

"தண்ணி எப்ப விடுதான்னு எவனுக்குத் தெரியும்? தொறந்து போட்டா குழிக்குள்ள கொப்பளிக்குற சத்தம் கேக்கும். அடுப்படில இருந்தாலும் ஓடியாந்து புடிச்சிருவோம். மூடிட்டா அம்புட்டுத்தான்."

நேரம் சொல்லாமல் வரும் தண்ணீருக்கு அவர்கள் வைத்திருந்த அலாரம் அது. தெருவுக்கு விடும் தண்ணீரை நிறுத்த வால்வை மூடியதும் மெயின் பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும். மேலே பைப் காலியாகும்போது திறந்து கிடக்கும் குழாய் வழியாக உறிஞ்சும். ஓஸ் முனை அழுக்குத் தண்ணீரில் கிடந்தால் அந்தத் தண்ணீரையே உறிஞ்சும். கீழ்முனையில் கடைசிக் குடம் பிடிப்பவருக்கு அதுதான் வரும்.

ராமசுப்பு வீட்டுக் கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. அவர் மகள் கான்சாபுரத்திலிருந்து கைக்குழந்தையோடு பொங்கலுக்கு வந்திருந்தாள்.

"குழந்தைக்கு எப்படி இருக்கும்மா?"

"இப்பப் பரவால்ல சார். வந்த அன்னைக்கே வயித்தால போச்சு. சனிக்கிழமை பூரா துணி அலசியே கை ஓஞ்சு போச்சு."

பந்தி ஞாயிற்றுக்கிழமை. தெருவுக்குக் கடைசியாகத் தண்ணீர் விட்டது சனிக்கிழமை சாயங்காலம். துணி அலசியது வாசல் குழியில்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அன்றே ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னோம். குளோரின் போட்ட லாரித் தண்ணீர் வந்தது. அதையும் கொதிக்கவைத்தே குடிக்கச் சொன்னோம். உப்புக் கரைசலும் சோப்பும் வீடு வீடாகப் போயின. குழித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் சாம்பிள் எடுத்து அனுப்பினேன். முடிவு வரத் தாமதமாகும். பவுன்ராஜுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

புதன்கிழமை, தண்ணீர் திறந்துவிடும் வால்வுமேனை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தேன். யாரும் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் திறந்தோம். மேல்முனையிலும் கீழ்முனையிலும் பிடித்துச் சோதித்தேன். ஓடும்போது இரண்டு இடத்திலும் குளோரின் இருந்தது; வருகிற தண்ணீரில் கோளாறு இல்லை. பிறகு ராமசுப்பு வீட்டுக் குழியில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஊற்றி, வால்வை மூடச் சொன்னேன். ஓஸ் ஒருமுறை துள்ளியது. குழித் தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது.

கீழ்முனையிலிருந்து செல்லத்தாய் கத்தினார். "சார், இங்க வாங்க! எங்க கொழாயில நீலமா வருது!"

எல்லோரும் இறங்கி ஓடினார்கள். ராமசுப்பு கடைசியாக வந்தார். செல்லத்தாய் பிடித்து வைத்த நீல வாளியைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப எம்பேரனா சார் காரணம்?"

"பேரன் இல்ல அண்ணாச்சி. தொறந்து கெடந்த கொழாய். இன்னைக்கு உங்க வீடு, நாளைக்கு வேற வீடு."

அவர் பவுன்ராஜ் பக்கம் திரும்பினார். "மாஸ்டரு, தப்பா நெனச்சுட்டோம். தெரு வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருதேன்."

"போடுங்க அண்ணாச்சி," என்றார் பவுன்ராஜ். "அந்த வீடியோ எங்கெல்லாம் போயிருக்கோ அங்கெல்லாம் இதுவும் போவுமா?"

ராமசுப்பு போனை எடுத்தார். அங்கேயே நின்று குரூப்பில் எழுதினார். பிறகு வீட்டுக்குப் போய்த் தன் குழாய்க்கு முதல் ஆளாக மூடி வாங்கி மாட்டினார்.

அடுத்த வாரம் தண்ணீர் தரைமட்டத்துக்கு ஏறும்படி வேகத்தைக் கூட்டிவிட்டு, குழிகளை மணல் கொட்டி மூடினோம். தண்ணீர் விடும் நேரத்தை முன்கூட்டியே குரூப்பில் அறிவிக்க வால்வுமேன் ஒப்புக்கொண்டார். நேரத்தை அறிவிக்காமல் குழிகள் மூடியே இருக்காது. நேரம் தெரியாவிட்டால் சத்தம் கேட்பதற்காகவே மக்கள் மறுபடியும் தோண்டிக் குழாயைத் திறந்து போடுவார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பழக்கத்தைத் தடுக்கும் முன், அது எதற்காக வந்தது என்று கேளுங்கள். அந்தத் தேவைக்கு வேறு வழி கொடுத்துவிட்டுத் தடுங்கள். பிளீச்சிங் பவுடர் அதற்கு அப்புறம்தான்.

புதன்கிழமைச் சோதனை முடிந்த கையோடு, பவுன்ராஜிடம் சொன்னபடியே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டேன். பெண்ணின் அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். நான் நம்புதேன். பந்தியில உக்காருற மாப்பிள்ளை வீட்டுக்காரவுக ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் நீலத்தக் காட்ட முடியுமா?"

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. சமையலுக்கு மதுரையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள்.