கட்டிலுக்குக் கீழே முப்பத்தைந்து போத்தல்

சுவிஸில், பாடன் நகரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். திங்கட்கிழமைகளில் பியர்க் குழாய்களைக் கழுவுவதும் என் வேலை. பதினெட்டு வருடமாகக் கழுவுகிறேன். யாரோ காய்ச்சிய பியர் வருகிற குழாய். நானும் ஒருமுறை காய்ச்சிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றியது. குடிக்கிற ஆசை இல்லை, நான் அதிகம் குடிப்பதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை என் கையால் ஒரு பொருள் வர வேண்டும். அவ்வளவுதான்.

செப்டெம்பரில் முதல் முறை காய்ச்சினேன். முளைவிட்ட பார்லி, ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணீர். நாலாம் நாள் வாளியில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது கள்ளு. கள்ளு நுரைக்கும்போது குடிக்க வேண்டும், நுரை அடங்கினால் புளித்துப் போகும். இதுவும் புளித்துவிடும் என்று பயந்து அன்றே போத்தலில் அடைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி பனங்கட்டித் தூளும் போட்டேன். கறிக்கு உப்புப் போடுவது போல, கைக்கணக்கு. பிறகு எல்லாவற்றையும் கீழே நிலவறைக்குக் கொண்டுபோனேன்.

ஒரு வியாழக்கிழமை வெடித்தது. பதினொரு போத்தல். நிலவறைக்குப் பக்கத்தில்தான் உடுப்புக் காயப்போடும் அறை. கதவு திறந்திருந்தது. மூன்றாம் மாடிப் பெண்மணியின் வெள்ளை விரிப்புகள் எல்லாம் மண்ணிறம். யாருக்கும் காயமில்லை. மீதிப் போத்தல்களைத் தடித்த கையுறை போட்டு, கண்ணாடியும் மாட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினேன்.

எங்கள் கட்டிடத்தில் உடுப்புத் தோய்க்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு கிழமைக்கு ஒரு நாள். எங்கள் நாளை அந்தப் பெண்மணிக்குக் கொடுத்தேன். விரிப்புகளை நானே தோய்த்து, மடித்து, மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தாள்.

"ஒரு மாச உடுப்பு குவிஞ்சு கிடக்கு. உங்கட பியரிலயோ நான் தோய்க்கிறது?"

கட்டிடத்தைப் பார்த்துக்கொள்பவரை இங்கே அப்வார்ட் என்பார்கள். அவர் நிலவறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார். புளிக்கிற எதையும் இங்கே வைக்கக் கூடாது. அவர் வீட்டு மணியை அடித்தேன். இன்னொரு தரம் விடுங்கள் என்று என் ஜெர்மனில் கேட்டேன். அவர் என் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜனவரி முடியும்வரை. பெட்டிக்குள், மூடி போட்டு. ஒன்று வெடித்தாலும் அதோடு சரி. வந்து பார்ப்பேன்."

வீட்டில் வேறு இடம் இல்லை. குசினி மனைவியின் கேக் வேலைக்கு. நிலவறை போனால் பியரும் போகும்.

இந்தமுறை படித்தேன். படிப்பு எனக்கு வராது. ஒரு பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒரு கண்ணாடி மிதவை வாங்கினேன். இனிப்பு இருந்தால் மிதவை மேலே நிற்கும். ஈஸ்ட் இனிப்பைத் தின்று காஸ் விடும், தின்னத் தின்ன மிதவை கீழே இறங்கும். இரண்டு மூன்று நாள் அசையாமல் ஒரே கோட்டில் நின்றால்தான் அடைக்கலாம். பதினைந்தாம் நாள் அடைத்தேன். மனைவியின் கேக் தராசில் சீனி நிறுத்தேன். பதினெட்டு லீட்டருக்கு நூற்றெட்டு கிராம். கொதிக்க வைத்து ஆற்றி, முழுவதிலும் கலந்தேன். முப்பத்தாறு போத்தல்.

மூன்று கிழமை கழித்து என் சிநேகிதன் வந்தான். ரயிலில் துப்புரவு வேலை செய்கிறவன், வாய் சும்மா இராது. இருவரும் நிலவறையில் ஒன்றைத் திறந்தோம். சத்தம் இல்லை. நுரை இல்லை.

"மச்சான், இது பியரோ, காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிற பார்லித் தண்ணியோ?"

நான் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"முதல் வெடிச்சுது, இப்ப செத்துப் போச்சு. உனக்கு நடுவில ஒண்டும் தெரியாதோ? ஒவ்வொண்டிலயும் இன்னொரு கரண்டி சீனி போடு. சரிவரும்."

தட்டில் இருந்த மிச்சச் சீனிப் பெட்டிக்குக் கை போனது. உண்மை. ஜனவரி முடியப் பன்னிரண்டு நாள்தான் மிச்சம். ஆனால் சீனி நிறுத்துத்தான் போட்டேன். அது உள்ளே இருக்கிறது. இன்னொரு கரண்டி போட்டால் மறுபடி விரிப்புத் தோய்க்க வேண்டும்.

"வேண்டாம்" என்றேன்.

"அப்ப எங்கை காஸ்?"

சுவரில் வெப்பமானி தொங்கியது. பதினொரு பாகை. வாளி நுரைத்த நாட்களில் பதினேழு இருந்தது. அன்றிரவு அந்தப் பக்கத்தை நாலாம் தரமும் வாசித்தேன். ஈஸ்டில் இரண்டு வகை. லாகர் ஈஸ்ட் குளிரில் வேலை செய்யும். நான் போட்டது ஏல் ஈஸ்ட். அதற்கு வீட்டுச் சூடு வேண்டும். குளிரில் படுத்துவிடும், சாகாது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கேக்கில் கிறீம் பூசிக்கொண்டிருந்தாள்.

"எங்கை வைக்கப் போறியள்? சாமி அறைப் பக்கம் கொண்டு போகாதேங்கோ."

"படுக்கிற அறை. கட்டிலுக்குக் கீழை."

"வெடிச்சால்?"

"வெடிக்காது. உம்மட தராசிலதான் நிறுத்தனான்."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ரை தராசு பிழைக்காது. நீங்கள்தான் பிழைப்பியள்." பிறகு சொன்னாள். "சரி, கொண்டு வாங்கோ. வெடிச்சால் ரெண்டு பேரும் சேர்ந்து போவம்."

மூடிய பெட்டிகள் மூன்று. மேலே பழைய கம்பளி. அதற்கு மேலே நாங்கள் பத்து இரவு படுத்தோம். அவள் நன்றாக நித்திரை கொண்டாள். நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

பதினோராம் நாள் பெட்டிகளைத் திரும்ப நிலவறைக்கு இறக்கினேன். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. அப்வார்ட் சொன்னபடி வந்தார். ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் தூக்கி எண்ணினார். முப்பத்தைந்து. ஒன்று நாங்கள் திறந்தது. தரையையும் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

ஒன்றை எடுத்துத் திறந்தேன். ஸ்ஸ் என்றது. அந்தச் சத்தம் போதும் எனக்கு. கிளாசில் சரித்து ஊற்றினேன். இரண்டு விரல் நுரை எழுந்து, நின்றது.

"ஏன் முழுவதையும் ஊற்றவில்லை?" என்று கேட்டார்.

"அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். ஊற்றினால் கலங்கும்."

"குடிக்கக் கூடாதா?"

"குடிக்கலாம். வயிறு கொஞ்சம் பேசும்."

முதல் தடவையாக அவர் சிரித்ததைக் கண்டேன். நின்றபடியே குடித்து முடித்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. கதவில் இருந்த தாளைக் கிழியாமல் மெதுவாக உரித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"வெடித்தால் திரும்ப ஒட்டுவேன்."

"சரி" என்றேன்.

வெளியே போகும்போது காயப்போடும் அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். அதுவும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பானையை வைத்தேன். தராசை மனைவி கேட்காமலே எடுத்துத் தந்தாள்.